தொண்டை வலியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால்

மழைக்காலம் பிடித்துக்கொண்டதும் மியான்மரின் யாங்கோனில் மருந்துக் கடை வைத்திருக்கும் எவரும் அடிக்கடி கேட்கிற முறையீடு ஒன்று உண்டு: தொண்டையில் எச்சில்கூட இறங்கவில்லை, வயிறும் நிற்காமல் போகிறது, இரண்டுக்கும் ஏதாவது கொடுங்கள். கேட்பவர் இரண்டு நோய்களை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மருந்துகளைக் கேட்கிறார். தொண்டைக்கு ஓர் ஆன்டிபயாட்டிக், வயிற்றுக்கு அடைக்கிற மாத்திரை என்பது நம் வீடுகள் பலவற்றில் முடிவான வழக்கமாகவே ஆகிவிட்டது. நெடுங்காலமாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த வழக்கம் பெருங்கவலை தருகிறது. தொண்டை வலியும் வயிற்றுப்போக்கும் ஒன்றாக வரும்போது பெரும்பாலும் அவை ஒரே வைரஸின் வேலை. அந்த வைரஸை மேற்படி இரண்டு மருந்துகளும் தீர்ப்பதில்லை. உயிருக்கே கேடாகக்கூடிய நீர் வறட்சியையோ இரண்டுமே ஈடு செய்வதில்லை.

நீர் வறட்சியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளர்ந்த ஒருவருடைய குடலுக்குள் ஒரு நாளில் ஏறக்குறைய 8 முதல் 9 லிட்டர் திரவம் வந்து சேர்கிறது. அதில் நாம் குடிப்பதும் உண்பதும் 2 லிட்டர் அளவுதான்; மற்றவையெல்லாம் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு, குடற்சுவரே சுரப்பது என உடம்பிலிருந்து வருபவை. நலமாக உள்ள குடல் இவற்றில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒரு குவளைக்கும் குறைவானதையே மலத்தோடு வெளியே விடுகிறது. வயிற்றுப்போக்கில் இந்த உறிஞ்சுதல் தடைபடுகிறது, சுரப்பும் கூடுகிறது. வயிறு மட்டும் கெட்டிருந்தால் தாகமே ஆளைத் தண்ணீர்ப் பானையிடம் அழைத்துப் போய்விடும். தொண்டையும் புண்ணாகியிருந்தாலோ, தாகம் இருந்தும் ஒவ்வொரு மிடறுக்கும் அஞ்சி வாயை மூடிக்கொள்ள நேர்கிறது. வரவு நின்று செலவு மட்டும் நடக்கும் குடும்பத்தைப் போல உடம்பு விரைவில் நொடித்துப் போகிறது. குழந்தைகளிடம் இது சில மணி நேரத்திலேயே தெரியத் தொடங்கும். முதியவர்களிடம் சத்தமில்லாமல் நடந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்த பிறகே வீட்டாருக்குத் தெரியவரும்.

ஒரே கிருமி இரண்டு இடத்தையும் எப்படிக் கெடுக்கிறது என்று பலர் கேட்பார்கள். அடினோ வைரஸ்களும் என்டெரோ வைரஸ்களும் வாய், மூக்கு வழியாக நுழைந்து முதலில் தொண்டைச் சதையில் பெருகுகின்றன. விழுங்குகிற எச்சிலோடும் சளியோடும் அவை வயிற்றுக்குள் இறங்குகின்றன. கொழுப்பு உறை இல்லாத இந்த வைரஸ்களை இரைப்பையின் அமிலம் எளிதில் அழிப்பதில்லை. அதனால் அவை குடலுக்கும் போய்ச் சேர்ந்து அங்கும் பெருகுகின்றன. அடினோ வைரஸ் தொண்டைப் புண்ணோடும் காய்ச்சலோடும் கண்களையும் சிவக்க வைப்பதுண்டு. சித்திரையில் திங்யான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்தில், கண்கள் சிவந்து, தொண்டை கட்டி, வயிறும் இளகிய இளைஞர்கள் எங்கள் கடைக்கு வருவது எனக்குப் பழகிய காட்சி. அண்டாவிலும் தொட்டியிலும் நாள் முழுதும் கிடந்த நீர் முகத்திலும் வாயிலும் பட்டால் இத்தகைய கிருமிகள் பரவ வழி கிடைத்துவிடுகிறது. என்டெரோ வைரஸ்கள் சிறு குழந்தைகளின் உள்நாக்கைச் சுற்றிச் சிறு கொப்புளங்களையும், கை, கால், வாய்ப் புண் நோயையும் உண்டாக்குபவை. கொரோனா வைரஸும் தொண்டை வலியையும் வயிற்றுப்போக்கையும் சேர்த்துத் தரக்கூடியது. சாதாரண இன்ஃபுளுவென்சா பெரியவர்களுக்கு வயிற்றைக் கெடுப்பது குறைவு, குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் தருவது அதிகம்.

வந்தவரிடம் நான் முதலில் கேட்பது, எது முன்னால் வந்தது என்பதைத்தான். விடை பல குழப்பங்களைத் தீர்த்துவிடும். தொண்டைக் கரகரப்பும் மூக்கொழுகலும் முதலில் வந்து, ஓரிரு நாளில் வயிறும் இளகினால், முன்பத்தியில் சொன்ன வைரஸ்கள்தாம் பெரும்பாலும் காரணம். வாந்தியும் பேதியும் முதலில் வந்து, மறுநாள் தொண்டை எரிந்தால், அது நோரோ வைரஸ் போன்ற குடல் தொற்றாகவோ கெட்ட உணவின் விளைவாகவோ இருக்கலாம். திரும்பத் திரும்ப மேலே வந்த இரைப்பை அமிலம் தொண்டையை அரித்ததனால் வந்த எரிச்சலுக்குத் தனியாக மருந்து தேவையில்லை. கோயில் அன்னதானத்திலோ கல்யாண வீட்டிலோ காலையில் வடித்த சோற்றை மாலையில் சாப்பிட்ட பலருக்கு ஒரே நேரத்தில் இப்படி ஆனால், ஆறிக் கிடந்த சோற்றில் வளரும் பாக்டீரியாவின் நஞ்சை நினைக்க வேண்டும். மூன்றாவது ஒரு வரிசையும் உண்டு: தொண்டை வலி முதலில், அதற்கு வாங்கிய மாத்திரைகள் அடுத்து, வயிற்றுப்போக்கு கடைசியில். இந்த மூன்றாவது வரிசையை நான் அடிக்கடி காண்கிறேன், ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் சில கடைகளில் நோயைக் கேட்டுவிட்டு, நான்கைந்து நிறத்து மாத்திரைகளை ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் கலந்து போட்டு, ஒரு வேளைக்கு ஓர் உறை என்று கொடுத்துவிடுவார்கள். உறையின் மேல் மருந்தின் பெயரும் இருக்காது, அளவும் இருக்காது. அப்படி ஒன்றை என்னிடம் கொண்டுவந்த ஓர் அம்மாவுக்காக அதைப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, மாத்திரைகளில் பொறித்திருந்த எழுத்துகளையும் வடிவத்தையும் கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் ஒன்று, மூக்கொழுகலுக்கான குளோர்பெனிரமின் ஒன்று, அமாக்சிசிலின் போலத் தெரிந்த இருநிறக் கேப்சூல் ஒன்று, ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த சிறு மாத்திரை ஒன்று. அந்த ஸ்டீராய்டு ஒரே நாளில் வீக்கத்தைக் குறைத்துத் தொண்டையைச் சுகமாக்கிக் காட்டிவிடும், அதனால் அந்தக் கடைக்கு நல்ல பெயர். உள்ளே இருக்கிற தொற்றையோ அது மறைத்துவிடும், சர்க்கரை நோயாளிக்கு இரத்தச் சர்க்கரையை ஏற்றியும் விடும். ஆன்டிபயாட்டிக்கோ குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்து, தானாகவே வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரைக்கு இந்தக் குணம் இன்னும் அதிகம். அரிதாக, இப்படிக் காலியான குடலில் குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்னும் கிருமி பெருகிக் கடுமையான குடல் அழற்சியையும் உண்டாக்கிவிடும். அந்த அம்மாவுக்கு வயிறு போகத் தொடங்கியது உறை மாத்திரை தொடங்கிய பின்னர்தான். அவர் அடுத்து வாங்க வந்தது வயிற்றை அடைக்கும் மாத்திரை. பெயர் எழுதாத மாத்திரையை எவரும் விழுங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மருந்தின் பெயரை அட்டையோடு கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

ஆன்டிபயாட்டிக் அவசியமான தொண்டை நோயும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளை அதிகம் தாக்குகிறது. திடீரென்று கடும் காய்ச்சல், விழுங்கும்போது குத்தும் வலி, சிவந்து வீங்கிய டான்சிலின் மேல் வெண்படலம், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கிற நெறிக்கட்டி, இருமலோ சளியோ இல்லாமை ஆகியவை அதன் அடையாளங்கள். பிள்ளைகளுக்கு இதனுடன் வயிற்று வலியும் வாந்தியும் வருவதுண்டு. வயிற்றுப்போக்கு அவ்வளவாக வருவதில்லை. ஆகவே இருமல், மூக்கொழுகல், குரல் கட்டுதல், கண் சிவத்தல், வயிற்றுப்போக்கு ஆகியவை சேர்ந்திருந்தால் வைரஸின் பக்கமே தராசு சாய்கிறது. ஸ்ட்ரெப் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கும் கீல்வாதக் காய்ச்சல் வரலாம் என்பதால், மருத்துவர் தொண்டையைப் பரிசோதித்து உறுதி செய்துவிட்டால் பெனிசிலினையோ அமாக்சிசிலினையோ 10 நாளும் முழுமையாகக் கொடுக்க வேண்டும். தொண்டை வலி தொடங்கிய 9 நாளுக்குள் இந்த மருந்து தொடங்கினால்கூடக் கீல்வாதக் காய்ச்சலைத் தடுக்க முடியும். எனவே முதல் நாளே அவசரப்பட்டு மருந்தை விழுங்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் போய்த் தொண்டையைக் காட்ட நேரம் இருக்கிறது. மூன்றாம் நாளே வலி போய்விட்டதென்று மீதி மாத்திரைகளை அலமாரியில் வைத்து, அடுத்த மாதம் தம்பிக்குக் கொடுப்பது இரண்டு பிள்ளைகளுக்கும் செய்யும் கெடுதல்.

இனி மருத்துவம். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்க் கரைசல்தான் இங்கே முதல் மருந்து. பர்மியக் கடைகளில் டாட்சா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நாம் ஓஆர்எஸ் என்கிறோம். குடற்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகச் சேர்ந்தே உள்ளே நுழைகிற ஒரு வழி இருக்கிறது, அவற்றின் பின்னால் நீரும் இழுபட்டு உள்ளே போகிறது, கடும் பேதியிலும் அந்த வழி அடைபடுவதில்லை. வெறும் தண்ணீரால் ஆகாத வேலையை இந்தக் கரைசல் செய்வது இதனால்தான். 1971-இல் வங்காளதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரிய கலங்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளையால் மொண்டு புகட்டச் செய்தார். அங்கே இறப்பு பெருமளவு குறைந்ததைக் கண்ட பிறகே உலகம் இந்த எளிய கரைசலை நம்பத் தொடங்கியது. கல்வியறிவில்லாத தாய்கூடக் கொடுக்கக்கூடிய மருந்து என்பதை அந்த முகாமே காட்டிவிட்டது. நாம் ஏன் இன்னும் தயங்குகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

கரைப்பதில் நிறையத் தவறு நடக்கிறது. உறையின் மேல் எவ்வளவு நீருக்கு என்று அச்சிட்டிருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படியான பெரிய உறை ஒரு லிட்டருக்கு உரியது. கொஞ்சம் கொஞ்சமாகக் குவளையில் தூவிக் கலக்கினால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்குத் தீங்காகலாம், அதிக நீரில் கரைத்தால் பயன் இருக்காது. எல்லாத் தெருவிலும் விற்கும் ஒரு லிட்டர் குடிநீர்ப் போத்தலை வாங்கி, அதிலேயே உறை முழுவதையும் கொட்டிக் குலுக்கினால் அளவில் பிழை வராது. 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். உறை கிடைக்காத இரவில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரைக்கலாம். கண்ணீரைவிட அது உப்பாக இருக்கக் கூடாது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிறு போன பின்பும் 50 முதல் 100 மில்லிலிட்டர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர், பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும். எலக்ட்ரோலைட் என்று பெயர் போட்டு விற்கும் பழச்சுவைப் பானங்கள் எல்லாம் இதற்கு ஈடல்ல. அவற்றில் பலவற்றில் உப்பு குறைவு, சர்க்கரை அதிகம். சர்க்கரை மிகுந்த எந்தப் பானமும் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். இளநீர் நல்லதுதான், அதில் பொட்டாசியம் உண்டு, சோடியம் போதாது.

தொண்டைப் புண் உள்ள பிள்ளைக்கு இதைக் குடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. ஒரு நாள் மாலை, பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் இரண்டு வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, “தம்பி, வாயில வச்சாலே துப்பிடுறான், நான் என்ன செய்ய?” என்று கண் கலங்க நின்றார். பையன் சோர்ந்திருந்தாலும் விழித்துப் பார்த்தான், அழும்போது கண்ணீர் வந்தது, நாக்கு முழுதும் காய்ந்துவிடவில்லை. “பெரியம்மா, முதல்ல வலியைக் குறைப்போம், அப்புறம் குடிப்பான்” என்று சொல்லி உட்காரவைத்தேன். அவன் எடைக்குக் கணக்கிட்டுப் பாராசிட்டமால் திரவத்தை, ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராமுக்கு மிகாமல், கொடுத்து அரைமணி நேரம் காத்திருந்தோம். பிறகு குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த கரைசலைத் தேக்கரண்டியில் எடுத்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட்டார் பாட்டி. நிமிடத்துக்கு ஒரு கரண்டி. அவன் முகத்தைச் சுளித்தான், விழுங்கினான், அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தான். நடுவில் ஒரு முறை வாந்தி எடுத்தபோது பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஒரு சிறு குவளை உள்ளே போயிருந்தது. இதற்கு எந்த வித்தையும் தேவையில்லை. வலி குறையும் நேரத்தைப் பிடித்துக்கொள்வதும், மடக்கு மடக்காகத் திணிக்காமல் கரண்டி கரண்டியாகக் கொடுப்பதுமே தேவை.

குளிர்ந்ததைக் கொடுத்தால் தொண்டை இன்னும் கட்டிக்கொள்ளும் என்று பாட்டி அஞ்சினார், நம்மவர் பலருக்கும் அந்த அச்சம் உண்டு. கொதிக்க வைத்து ஆற்றிக் குளிரூட்டிய நீர் தொண்டைக்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை. வீங்கிய சதையைச் சற்று மரத்துப்போகச் செய்து விழுங்குவதை எளிதாக்குகிறது. கெடுதல் செய்வது, எங்கே உறைய வைத்தார்கள் என்று தெரியாத ஐஸ் கட்டியை உடைத்துப் போட்ட கரும்புச் சாறும் ஃபலூடாவும்தான். அதேபோல மிளகும் சுக்கும் தூக்கலாகப் போட்ட கஷாயம் சளிக்கு இதமாக இருக்கலாம், புண்ணான தொண்டைக்கும் இளகிய வயிற்றுக்கும் அது எரிச்சலையே தரும். பெரியவர்கள் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளித்துத் துப்பலாம். தேன் தொண்டைக்கு நல்லது, ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளியும் கூடாது. போட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோய்க்கு அது வழிவிடலாம்.

பட்டினி போடுவது பழைய பழக்கம், அதை விட்டுவிட வேண்டும். பர்மியர் வீடுகளில் நோயாளிக்குக் குழைய வேகவைத்துக் கொடுக்கும் அரிசிக் கஞ்சியும் நம் நொய்க் கஞ்சியும் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும், வயிற்றுக்கும் ஏற்றவை. ஆறிய பிறகு சிறிது உப்பிட்டுக் கொடுக்கலாம். வாழைப்பழம், தயிர்ச் சோறு, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு எல்லாம் நல்லவை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. மீன் சாற்றில் நூடுல்ஸ் போட்ட மொகிங்காவையும் பஜ்ஜியையும் தொண்டை ஆறும்வரை ஒதுக்கி வைக்கலாம். வயிற்றுப்போக்குள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம், 6 மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை கொடுப்பது நோய் நீடிக்கும் நாளைக் குறைக்கிறது. விலை மலிவான இந்த மாத்திரையை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்பது எனக்கு நீங்காத வருத்தம்.

வயிற்றை அடைக்கும் லோபெரமைடைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. பெரியவர்களும் காய்ச்சல் இருந்தாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ தொடக் கூடாது. ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு ஆகாது. மழைக்காலத்தில் இன்னொரு விலக்கு உண்டு: டெங்கு இல்லையென்று தெரியும் வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். டெங்குவும் தொண்டை வலியோடும் வயிற்றுப்போக்கோடும் தொடங்குவதுண்டு. காய்ச்சல் இறங்குகிற 3 முதல் 7ஆம் நாள் வரையிலான காலமே அதில் ஆபத்தான காலம். அப்போது கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அமைதியின்மை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் டைஃபாய்டு என்னும் குடற்காய்ச்சலையும், மலைப்பகுதிக்கோ எல்லைப் பகுதிக்கோ போய்வந்தவருக்கு மலேரியாவையும் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தாக வேண்டும். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தடித்த படலம் ஒட்டியிருந்து, கழுத்து பருத்துப்போயிருந்தால் அது டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோயாக இருக்கலாம். தடுப்பூசி விடுபட்ட பிள்ளைகளை இன்றும் அது கொல்கிறது. தட்டம்மையும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். எச்ஐவி தொற்றிய 2 முதல் 4 வாரத்தில் தொண்டை வலி, காய்ச்சல், தடிப்பு, வயிற்றுப்போக்கு என்று சாதாரண ஃப்ளூவைப் போலவே வந்து தானாகப் போய்விடுவதுண்டு. ஐயத்துக்கு இடம் இருப்பவர் வெட்கப்படாமல் பரிசோதித்துக்கொண்டால், மருந்தால் நெடுங்காலம் நலமாக வாழலாம்.

இனி நான் சொல்லப்போகும் இரண்டு மருந்துகளைப் பற்றி மருந்துக் கடைக்காரர்களே பலமுறை கேட்கத் தவறுகிறார்கள். தைராய்டு மிகையாகச் சுரப்பவர்கள் சாப்பிடும் கார்பிமசோல், அரிதாக இரத்த வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். அப்படிக் குறைந்ததன் முதல் அறிகுறி தொண்டைப் புண்ணும் காய்ச்சலும்தான். தைராய்டு மிகை தானே வயிற்றுப்போக்கை உண்டாக்குவதால் இரண்டும் சேர்ந்து சாதாரண நோய்போலத் தோன்றிவிடும். அவர்கள் அன்றே மருத்துவரைப் பார்த்து இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றொன்று, மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் விழுங்க வேண்டிய மாத்திரை. தவறுதலாக நாள்தோறும் விழுங்கினால் வாயும் தொண்டையும் வெந்துபோய், வயிறும் கட்டுக்கடங்காமல் போகும்; உயிருக்கே கேடு. வீட்டில் முதியவர் எவராவது இதைச் சாப்பிடுகிறார் என்றால், எந்தக் கிழமைக்கு உரியது என்று அட்டையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

ஏதேனும் உணவோ மருந்தோ சாப்பிட்ட சில நிமிடங்களில் தொண்டை இறுகி, உடம்பில் தடிப்பு எழுந்து, வயிறும் கலங்கினால் அது கடும் ஒவ்வாமை. வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடமும் கூடாது. எச்சிலையும் விழுங்க முடியாமல் வாயோரம் வழிதல், வாயைத் திறக்க முடியாமை, மூச்சில் இரைச்சல், மலத்தில் இரத்தம், 6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழந்தையின் கண் குழிதல், அழுதும் கண்ணீர் வராமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே மடிப்பு மறைதல், தூங்கி விழுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைதான். இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் உரிய மாத்திரைகளையும், மெட்ஃபார்மின் போன்ற சர்க்கரை மாத்திரையையும் சாப்பிட்டுவரும் முதியவர்கள், வயிறு போகும் நாள்களில் அவற்றை அப்படியே தொடரலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நீர் வற்றிய உடம்பில் அவை கெடுதல் செய்யக்கூடும்.

இந்த நோய் ஒரு வீட்டில் நுழைந்தால் ஒருவரோடு நிற்பதில்லை. வழிப்போக்கரின் தாகம் தீர்க்க வாசலில் மண்பானைகளை வரிசையாக வைத்து மேலே ஒரு குவளையைக் கவிழ்த்து வைப்பது இந்த மண்ணின் அழகான தருமம். நம் தண்ணீர்ப் பந்தலுக்கு உறவானது. அந்த ஒரே குவளையில் பத்து வாய் படும்போது தொண்டைக் கிருமியும் குடற்கிருமியும் கூடவே பயணம் செய்கின்றன. நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையால் மொண்டு அவரவர் போத்தலில் ஊற்றிக்கொள்ளும்படி வைத்தால் தருமமும் நிற்கும், நோயும் பரவாது. 20 லிட்டர் குடிநீர்ப் போத்தலின் வாயையும் கவிழ்த்து வைக்கும் கருவியின் குழாயையும் அடிக்கடி கழுவ வேண்டும். குழாய் நீரையும் ஆழ்குழாய் நீரையும் குமிழி எழக் கொதித்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்க விட வேண்டும். ஆல்கஹால் கைத்திரவம் நோரோ, அடினோ, என்டெரோ வைரஸ்களிடம் நன்றாக எடுபடாது, ஆகவே கழிப்பறைக்குப் போன பின்பும் குழந்தைக்குக் கால் கழுவிய பின்பும் சோப்புதான். வாந்தி பட்ட தரையை, 5 விழுக்காடு வலிமையுள்ள பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு 49 பங்கு நீர் சேர்த்துத் துடைக்கலாம். வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும் வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், பெரியவர்களும் பிறருக்குச் சமைக்க வேண்டாம். தொண்டை ஆறி, வயிறும் நின்ற பிறகும், என்டெரோ வைரஸ்கள் மலத்தில் சில வாரங்கள் வரை வெளியேறிக்கொண்டே இருக்கும். அதுவரை அந்தப் பிள்ளைக்குத் தனிக் குவளையும் தனித் துண்டும் இருக்கட்டும்.